கம்பளிக்குள் எப்படிப் போவது? - இராமானுஜனின் முதல் நாட்கள்

எங்கள் ராசிங்காபுரத்தில் "வெளியே போறது" என்றால் ரொம்ப காலமாக ஒரே அர்த்தம்தான். மேற்கே மலை. விடிவதற்கு முன்னால் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய், பொழுது சாயும்போது இறங்கி வருவது. மலைக்கு அந்தப் பக்கம் வேறு மாநிலம், வேறு பாஷை என்றாலும் ராத்திரிச் சாப்பாடு வீட்டில்தான். இப்போது அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் சேர்ந்துவிட்டது. போடி, தேவாரம், சிலமலை என்று சுற்றுவட்டாரத்துப் பசங்கள் ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும் படிக்கப் போகிறார்கள். படிப்போடு சேர்த்து ஆறு மாதம் ஏதாவது கம்பெனியில் இன்டர்ன்ஷிப். போய்ச் சேர்ந்தவர்கள் அடுத்து வருபவர்களுக்கு ஒரு பட்டியல் அனுப்புவார்கள். குக்கர் கொண்டு வா, பருப்புப்பொடி கொண்டு வா, விமான நிலையத்தில் இந்த வண்டி பிடி, இந்த சிம் கார்டு வாங்கு... அவ்வளவும் இருக்கும் அதில்.

அந்த மாதிரிப் பட்டியல் ஒன்றைப் பார்த்தபோதுதான் இந்தக் கேள்வி வந்தது. பட்டியல் அனுப்ப ஆளே இல்லாத காலத்தில் போனவர்கள் முதல் வாரத்தை எப்படிக் கழித்தார்கள்? தமிழ்நாட்டிலிருந்து போன மாணவர்களில், முதல் நாட்களைப் பற்றி நமக்கு நிறையவே தெரிந்திருப்பது ஒருவரைப் பற்றித்தான். கணிதமேதை இராமானுஜன்.

"அதுதான் எல்லாருக்கும் தெரியுமே" என்பீர்கள். ஏழைக் குமாஸ்தா, ஹார்டிக்குக் கடிதம், கேம்பிரிட்ஜ், குளிர், சைவச் சாப்பாடு கிடைக்கவில்லை, நோய், 32 வயதில் மரணம். பள்ளிப் புத்தகத்தில் இதை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த வேகத்தில்தான் சந்தேகம். அப்படிச் சொன்னால், கப்பலை விட்டு இறங்கிய அன்றே கஷ்டம் ஆரம்பித்துவிட்ட மாதிரியும், சீமை ஒரு அப்பாவியைக் கொன்றுவிட்ட மாதிரியும் ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. முதல் நாட்களை மட்டும் தனியாக எடுத்து நிதானமாகப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது.

கொஞ்சம் முன்னாலிருந்து வருவோம்.

இராமானுஜன் 1912 மார்ச் 1 முதல் மெட்ராஸ் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா. மாதம் 30 ரூபாய் சம்பளம். 1913 ஜனவரி 16 தேதியிட்டு, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஹார்டிக்கு அந்தப் புகழ்பெற்ற கடிதத்தை எழுதினார். கடிதத்தைப் பார்த்து அசந்துபோன ஹார்டி, உடனே லண்டனிலிருந்த இந்தியா ஆபீசுக்குச் சொல்லி, இவரை வரவழைக்க முடியுமா என்று கேட்டார். இந்தியா ஆபீஸ், மெட்ராசில் மாணவர் ஆலோசனைக் குழுவின் செயலராக இருந்த ஆர்தர் டேவிஸுக்கு எழுதியது. டேவிஸ் கூப்பிட்டுக் கேட்டார். இராமானுஜன் மாட்டேன் என்றுவிட்டார்.

கடல் தாண்டினால் சாதியை விட்டுத் தள்ளிவைத்துவிடுவார்கள் என்ற பயம் அன்றைக்கு வெறும் பேச்சு இல்லை. (1920ல் அவர் இறந்தபோதுகூட, கடல் தாண்டியவர் என்பதற்காகச் சொந்தக்காரர்கள் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை.) ஒரு வருஷம் கழித்து மனம் மாறியது. நாமகிரித் தாயார் அம்மாவின் கனவில் வந்து அனுமதி கொடுத்தார் என்பது குடும்பத்தில் சொல்லப்பட்ட கதை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1914 தொடக்கத்தில் நெவில் என்ற 25 வயது டிரினிட்டி கணிதவியலாளர் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்ற வந்தார். இராமானுஜனை அழைத்து வரும்படி ஹார்டி அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். நெவில் எடுத்ததும் "வருகிறாயா" என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தார். பழகினார். அப்புறம்தான் கேட்டார். கடிதத்தில் கூப்பிட்ட சர்க்காருக்கு மாட்டேன் என்றவர், பக்கத்தில் உட்கார்ந்து பேசிய கிட்டத்தட்டத் தன் வயதுக்காரருக்குச் சரி என்றார்.

பணம்? அதற்கும் நெவில் ஓடினார். ஜனவரி 28ஆம் தேதியே பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம். ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு வரை விஷயம் போய், ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையும், கப்பல் கட்டணத்துக்கும் துணிமணிக்கும் 100 பவுனும் கிடைத்தது. பவுனுக்கு 15 ரூபாய் என்ற அன்றைய கணக்கில் 250 பவுன் என்றால் வருஷத்துக்கு 3,750 ரூபாய். மாதம் 312 ரூபாய் சொச்சம். 30 ரூபாய் குமாஸ்தாவுக்குப் பத்து மடங்குக்கு மேல்! அதில் மாதம் 60 ரூபாய் கும்பகோணத்துக்கு, குடும்பத்துக்கு. இது தவிர டிரினிட்டி கல்லூரியும் 60 பவுன் கொடுத்தது. ஆக, இராமானுஜன் சீமையில் பணமில்லாமல் பட்டினி கிடந்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பணத்துக்குக் குறையே இல்லை. செலவு செய்யத் தெரியாமல் மிச்சம்தான் பிடித்தார். 1919ல் ஊர் திரும்புவதற்கு முன், தனக்கு வரும் பணத்தில் தேவைக்குப் போக மீதியை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுக்கும்படி பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருக்கிறார்.

புறப்படும் முன்பு நடந்ததுதான் எனக்கு ரொம்ப உறுத்துவது. கோட்டு, சட்டை, காலர், டை, பூட்ஸ் எல்லாம் வாங்கியாயிற்று. கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கப் பழக்கினார்கள். கடைசியாகக் குடுமி. அதை எடுப்பதற்கு முன்னால் அம்மாவையும் மனைவி ஜானகியையும் கும்பகோணத்துக்கு ரயிலேற்றி அனுப்பிவிட்டார். கிராப்புத் தலையோடு தன்னை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று. அதனால் 1914 மார்ச் 17 அன்று மெட்ராஸ் துறைமுகத்தில் "நெவாசா" கப்பல் புறப்பட்டபோது, வழியனுப்பப் பெரிய மனிதர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். பெற்ற தாயும் கட்டிய மனைவியும் இல்லை.

கப்பலில் முதல் சில நாள் தலைசுற்றலும் வாந்தியும். கொழும்பு, ஏடன், சூயஸ், ஜெனோவா என்று போய் ஏப்ரல் 14 அன்று லண்டன். நம் ஊரில் சித்திரை பிறந்திருந்த நேரம். கரையில் யார் நிற்கிறார்கள் தெரியுமா? நெவிலேதான். அண்ணன் தம்பி இருவருமாகக் காரோடு வந்திருந்தார்கள். 1914ல் காரோடு! இன்றைக்குப் போகிற எங்கள் ஊர்ப் பையன்களுக்குக்கூட இப்படி ஒரு வரவேற்பு கிடைப்பதில்லை :)

காரில் நேராகப் போன இடம், தெற்குக் கென்சிங்டன் பகுதியில் 21, குரோம்வெல் ரோடு. இந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு இந்திய மாணவர்கள் லண்டனில் இறங்கியதும் தங்குகிற இடம் அது. சங்கம், தகவல் மையம், தங்கும் அறை எல்லாம் ஒரே கூரையின் கீழ். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னணி வேறு. 1909 ஜூலை 1 அன்று லண்டனில் மதன்லால் திங்ரா என்ற மாணவர் கர்சன் வைலி என்ற அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். அந்தக் காலத்தில் லண்டனில் சட்டம் படிக்கப்போன நம் வ.வே.சு. ஐயர் உட்படப் பலர் "இந்தியா ஹவுஸ்" என்ற விடுதியைச் சுற்றி இருந்த புரட்சிக் குழுவில் இருந்தார்கள். ஐயர் 1910ல் போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுத் தப்பித்தது தனிக் கதை. இந்திய மாணவன் என்றாலே சர்க்காருக்குச் சந்தேகம். அந்த 1909லேயே இந்தியா ஆபீஸ் மாணவர்களுக்காக ஒரு தனிப் பிரிவை ஏற்படுத்தி, ஆர்னால்டு என்பவரைக் கல்வி ஆலோசகராகப் போட்டது. "உங்களுக்கு உதவத்தான்" என்றார்கள். "எங்களை வேவு பார்க்கத்தான்" என்றார்கள் மாணவர்கள். இரண்டிலும் உண்மை இருந்திருக்கும். 1921-22ல் லிட்டன் பிரபு தலைமையில் ஒரு குழுவே போட்டு இந்திய மாணவர்களின் நிலையை விசாரிக்க வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இராமானுஜனுக்கு இந்த அரசியல் எதுவும் இல்லை. அங்கே தங்கியிருந்த நாலு நாளில் அவருக்கு ஒரு தமிழ்க்காரர் கிடைத்தார். கடலூர்க்காரரான இராமலிங்கம் என்ற பொறியாளர், அதற்கு நாலு வருஷம் முன்பே அங்கே போனவர். பிற்காலத்தில், உடம்பு சரியில்லாமல் ஆரோக்கிய நிலையத்தில் கிடந்தபோது இராமானுஜனைப் போய்ப் பார்த்து, அவர் சாப்பாட்டுக்காகக் கவலைப்பட்டவர்களில் இவர் ஒருவர். முதல் வாரத்தில் கிடைக்கிற சிநேகிதம் பல நேரம் கடைசி வரை வருகிறது.

ஏப்ரல் 18. நெவில் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துப் போனார். கல்லூரி விடுதிக்கு இல்லை, தன் சொந்த வீட்டுக்கு. கேம் நதிக்குப் பக்கத்தில் செஸ்டர்டன் ரோட்டில் இருந்தது வீடு. நெவிலும் மனைவி ஆலிஸும் அவரை ஜூன் தொடக்கம் வரை வீட்டில் வைத்துக்கொண்டார்கள். ஹார்டியையும் லிட்டில்வுட்டையும் போய்ப் பார்ப்பது, வகுப்புகளுக்குப் போவது, கணக்கு, கணக்கு, மறுபடி கணக்கு. ஜூன் 11 அன்று லண்டன் கணிதக் கழகக் கூட்டத்தில் ஹார்டி இவருடைய முடிவுகளைப் பற்றிப் பேசினார். வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை!

அந்த நாட்களைப் பற்றி நெவிலே பின்னாளில் எழுதியிருக்கிறார். சின்னச் சின்ன அவஸ்தைகள் இருந்தன என்கிறார். பழக்கமில்லாத காய்கறிகள். 26 வருஷம் கட்டுப்படாமல் இருந்த கால்களைப் படுத்திய பூட்ஸ். ஆனால் மொத்தத்தில் அவர் சந்தோஷமாக இருந்தார், தான் வந்து சேர்ந்த கணித உலகத்தில் திளைத்துக்கொண்டிருந்தார் என்பதுதான் நெவிலின் சாட்சியம். ஊருக்கு எழுதிய கடிதங்களிலும் இராமானுஜன் ஹார்டியையும் நெவிலையும், பெருமை காட்டாதவர்கள், அன்பானவர்கள் என்றே சொல்கிறார். பள்ளிப் புத்தகத்துச் சோகக் கதையில் இந்த ஏழு வாரத்துக்கு இடமே இல்லை. எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது.

சரி, அப்புறம் என்ன ஆயிற்று?

ஜூனில் கல்லூரிக்குள்ளேயே அறை கிடைத்தது. டிரினிட்டியின் பெரிய வாசலுக்கு எதிரே, தெருவைத் தாண்டி ஹியூவெல்ஸ் கோர்ட் என்ற கட்டடம். ஹார்டியின் அறைக்குப் போக நாலு எட்டு. வேலைக்கு அதுதான் வசதி. கணக்குப் பார்த்தால் சரியான முடிவு. ஆனால் அந்தத் தெருவைத் தாண்டியதோடு, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கிற ஒரு வீடு போயிற்று. கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடி உண்பார்கள். இவரால் அங்கே உண்ண முடியவில்லை. மாமிசம் சமைக்கும் அடுப்பில் செய்த காய்கறியும் ஆகாது என்ற ஆசாரம் அவருக்கு. அறையில் தானே சமைத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் அப்பத்தாவுக்கு வெளிநாடு என்றால் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. ஆனால் யார் கிளம்பிப் போகிறேன் என்று வந்து நின்றாலும் ஒரே கேள்விதான்: "அங்க சோத்துக்கு என்னய்யா பண்ணுவ?" சிரிப்போம். பல்கலைக்கழகம், இந்தியா ஆபீஸ், டிரினிட்டி, ஆளுநர் என்று அத்தனை பேர் சேர்ந்து இராமானுஜனுக்காகப் போட்ட திட்டத்தில், எனக்குத் தெரிந்து உருப்படியாகப் பதில் வைக்காத ஒரே கேள்வி அதுதான். ஊருக்கு ஒரு நண்பருக்கு அவர் எழுதிய கடிதத்தில், தொடக்கத்தில் சரியான சாப்பாட்டுக்குச் சிரமப்பட்டதையும், இங்கே நல்ல பாலும் பழமும் கிடைக்காமல் போயிருந்தால் இன்னும் அவதிப்பட்டிருப்பேன் என்பதையும், இனி ஒன்றிரண்டு பண்டங்களைத் தானே சமைக்கப்போவதாகவும் அதற்கு வேண்டியதை அனுப்பச் சொல்லி ஊருக்கு எழுதியிருப்பதாகவும் சொல்கிறார். புகார் மாதிரியே இல்லை பாருங்கள். போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்.

அவர் சுபாவமே அது. ஆகஸ்ட் 4 அன்று இங்கிலாந்து போரில் இறங்கியது. அவர் படித்த கல்லூரியின் நெவில்ஸ் கோர்ட் என்ற முற்றத்திலேயே காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரி போட்டார்கள். (நெவில் என்பது இங்கே வேறு ஆள், பழைய காலத்தவர். குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அந்த நேரத்தில் அம்மாவுக்கு இராமானுஜன் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. இந்த நாட்டில் சண்டையே இல்லை, சண்டை பக்கத்து நாட்டில், நம் ஊரிலிருந்து ரங்கூன் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் என்கிற தோரணையில் எழுதுகிறார். கும்பகோணத்து அம்மாவுக்கு ரங்கூன் என்றால் கடலுக்கு அந்தப் பக்கம், எங்கேயோ. உண்மையில் சண்டை நடந்த இடம் அதில் கால்வாசி தூரம்கூட இல்லை. கணக்கில் ஒரு தசமம் பிசகாத மனிதர் தூரத்தை இப்படி நீட்டியதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். போன் பேசும்போது பின்னால் மழை கொட்டினாலும் "இங்க நல்ல வெயில்மா" என்று சொல்கிற எந்த மாணவனுக்கும் இது புரியும்.

இனிதான் நான் சொல்ல வந்த கம்பளிக் கதை.

இதைச் சொன்னவர் பி. சி. மகலனோபிஸ். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவியவர். அப்போது அவரும் மாணவர், பக்கத்தில் கிங்ஸ் கல்லூரி. குளிர் தொடங்கிவிட்ட ஒரு நாள் இராமானுஜனின் அறைக்குப் போகிறார். இராமானுஜன் கணப்புக்கு மிக நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறார். ராத்திரியில் குளிர் தாங்குகிறதா என்று மகலனோபிஸ் கேட்கிறார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, மேலே ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டுதான் படுக்கிறேன், அப்படியும் குளிர்கிறது என்கிறார். கம்பளி போதவில்லையோ என்று மகலனோபிஸ் உள்ளே போய்ப் பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் வேண்டிய மட்டும் இருக்கின்றன. அத்தனையும் சீமை வழக்கப்படி மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகி, மேலே ஒரு விரிப்பைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கம்பளிகளைத் தூக்கி அதற்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று இராமானுஜனுக்குத் தெரியவில்லை. அது மெத்தையின் ஒரு பகுதி என்று நினைத்து, அதன் மேலேயே, அந்த மேல்விரிப்பை மட்டும் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். மகலனோபிஸ் கம்பளியை விலக்கி எப்படி உள்ளே போவது என்று காட்டிக் கொடுத்தார். இராமானுஜன் நெகிழ்ந்துபோனார் என்று எழுதுகிறார்.

பாயும் தலையணையும் போர்வையுமாக வளர்ந்தவருக்கு அது எப்படித் தெரியும்? எனக்கும் உங்களுக்கும் தெரிந்திருக்குமா? இதை ஒரு மேதையின் வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். வேடிக்கை என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கட்டிலுக்கு நாலு சுவர் தள்ளி உலகத்தின் பெரிய மூளைகள் இருந்தன. தினமும் இவரோடு மணிக்கணக்கில் பேசினார்கள். தொடர் பின்னங்களைப் பற்றி, பகா எண்களைப் பற்றி. ராத்திரி குளிருகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. கேட்டவர் பக்கத்துக் கல்லூரியில் இருந்த இன்னொரு இந்திய மாணவர். ஹார்டிமேல் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஹார்டிக்கு இராமானுஜன்மேல் இருந்த மதிப்பில் சந்தேகமே கிடையாது. கூச்ச சுபாவமுள்ள பிரம்மச்சாரி அவர். படுக்கையறையைப் பற்றிக் கேட்பது அவர் வழக்கத்தில் இருந்திருக்காது. ஒரு வருஷம் முன்பு மெட்ராசில் ஆலோசனைக் குழு கேட்டபோது மாட்டேன் என்ற அதே மனிதர்தானே இவர்? பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டால்தான் இவரிடம் பதில் கிடைக்கும்.

மகலனோபிஸோடு சிநேகம் தொடர்ந்தது. பிரபலமான இன்னொரு சம்பவமும் அந்த அறையில்தான். இராமானுஜன் அடுப்பில் காயைக் கிண்டிக்கொண்டிருக்கிறார். மகலனோபிஸ் ஸ்டிராண்ட் பத்திரிகையில் வந்திருந்த, தெருவில் வீட்டு எண்களைப் பற்றிய ஒரு புதிரை வாசிக்கிறார். கிண்டுவதை நிறுத்தாமலே இராமானுஜன் விடை சொல்கிறார். ஒரு விடை இல்லை, அந்த மாதிரிப் புதிர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொடர் பின்னம்! கணிதக்காரர்கள் பின்னத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அந்த வாணலிதான் கண்ணில் நிற்கிறது. அன்றைக்குச் சாப்பிடுகிற நேரத்தில் கூட ஒரு ஆள் இருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரியும். போர் நீண்டது. லிட்டில்வுட் பீரங்கிப் படைக்குக் கணக்குப் போடப் போய்விட்டார். ஊரிலிருந்து வரவேண்டிய சாமான்கள் ஒழுங்காக வரவில்லை. கடிதங்கள் குறைந்தன. ஜானகி எழுதியவை மாமியார் கையைத் தாண்டவில்லை. 1917ல் படுக்கையில் விழுந்தார். 1918 மே மாதம் ராயல் சொசைட்டி உறுப்பினர், அக்டோபரில் டிரினிட்டி ஃபெலோ. 1919 மார்ச்சில் பம்பாய் வந்து இறங்கினார். 1920 ஏப்ரல் 26 அன்று மெட்ராஸ் சேத்துப்பட்டில் இறந்தார். காசநோய் என்றுதான் வெகுகாலம் நம்பினோம். 1994ல் யங் என்ற ஆங்கில மருத்துவர் குறிப்புகளை எல்லாம் மறுபடி பார்த்து, அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம், இந்தியாவில் இளவயதில் வந்த வயிற்றுக்கடுப்பின் தொடர்ச்சியாக இருக்கலாம் என்று வாதிட்டார். அது சரியென்றால், இங்கிலாந்தின் குளிரும் சாப்பாடும் கொன்றன என்ற கதை இன்னும் பலவீனமாகிறது. நோய் அவரோடேயே கப்பலில் போயிருக்கிறது.

இராமானுஜன் இறந்த செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டு ஒரு அம்மா தன் ஒன்பது வயது மகனிடம் சொன்னார். அந்தப் பையன் சந்திரசேகர். பத்து வருஷம் கழித்து, மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரியில் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் முடித்து, இந்திய அரசு உதவித்தொகையோடு அதே டிரினிட்டிக்குப் புறப்பட்டார். 1930 ஜூலை 31, பம்பாயிலிருந்து "பில்ஸ்னா" கப்பல். வயது 19. அம்மா சீதாலட்சுமி அப்போது கடும் நோயில் படுத்திருந்தார். இந்த நிலையில் போகலாமா என்று சுற்றத்தார் தயங்க, போயே ஆக வேண்டும் என்று சொன்னவர் அந்த அம்மாதான். இப்சன் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர் அவர். மகனை மறுபடி பார்க்காமலே 1931 மே மாதம் காலமானார்.

கடல் கொந்தளிப்பு அடங்கியதும், ஏடனைத் தாண்டி, கப்பலின் மேல்தளத்து நாற்காலியில் உட்கார்ந்து சந்திரசேகர் போட்ட கணக்குதான், சூரியனைப்போல் 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள வெள்ளைக் குள்ள விண்மீன் நிலைக்காது என்று இன்று பாடப்புத்தகத்தில் இருக்கும் "சந்திரசேகர் எல்லை"யின் ஆரம்பம். ஆனால் ஆகஸ்ட் 19 அன்று லண்டன் போய்ச் சேர்ந்தால், காரோடு யாரும் நிற்கவில்லை. இந்திய ஹை கமிஷனர் அலுவலகத்தில் கேம்பிரிட்ஜ் இடம் பற்றிக் குழப்பம். உங்களுக்கு அங்கே இடம் உறுதியாகவில்லை என்கிறார்கள். யாரை நம்பிப் போனாரோ அந்தப் பேராசிரியர் ஃபௌலர் விடுமுறையில் இருக்கிறார். பெட்டியில் ஒரு பெரிய கண்டுபிடிப்பு, கையில் இடமில்லை என்ற பதில். கடைசியில் ஃபௌலர் தலையிட்ட பிறகுதான் சரியானது.

நெவில் மாதிரி ஒருவர் கிடைக்காத சந்திரசேகரும் தனிமையில் வாடினார். டிராக் போன்றவர்கள் நடமாடும் இடத்தில் நான் யார் என்று தன்னையே சந்தேகப்பட்டார். ஆனால் அவர் ஒன்று செய்தார். ஒரே இடத்தில் அடைந்து கிடக்கவில்லை. 1931 கோடையில் கோட்டிங்கனில் மேக்ஸ் போர்னிடம் போனார். 1932ல் கோபன்ஹேகனில் போரின் நிறுவனத்துக்குப் போய் மாதக்கணக்கில் இருந்தார். இன்றைய பாஷையில் சொன்னால் இன்டர்ன்ஷிப். அங்கேதான் தன் வயதுக்காரர்கள், பல நாட்டுப் பசங்கள், சேர்ந்து உண்பதும் ஊர் சுற்றுவதுமாக முகத்தில் சிரிப்பு வந்தது. கடைசிவரை சைவம்தான் அவரும். 1933ல் டிரினிட்டி ஃபெலோ ஆனார், இராமானுஜனுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்த இரண்டாவது இந்தியர். அவருக்கு இருந்த ஒரு வசதியையும் சொல்லிவிட வேண்டும். சி. வி. ராமன் அவருடைய சித்தப்பா. அப்பா ரயில்வேயில் பெரிய கணக்கு அதிகாரி. வீட்டிலேயே மேஜை, நாற்காலி, ஆங்கிலப் புத்தகங்கள். கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெரு வீட்டிலிருந்து போவதும் அந்த வீட்டிலிருந்து போவதும் ஒன்றில்லை. இரண்டு பேரையும் ஒரே தராசில் நிறுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

1936ல் சந்திரசேகர் இந்தியா வந்தபோது ஹார்டி அவரிடம் ஒரு வேலை சொல்லி அனுப்பினார். இராமானுஜனின் நல்ல புகைப்படம் ஒன்றுகூட இல்லை, கிடைக்குமா பார் என்று. சந்திரசேகர் மெட்ராசில் ஜானகியைத் தேடிப் போய்ப் பார்த்தார். அவரிடம் கணவரின் பாஸ்போர்ட் இருந்தது. அதில் ஒட்டியிருந்த படத்தைத்தான் பிரதி எடுத்துக்கொண்டு போனார். இன்று புத்தகங்களில் நாம் பார்க்கிற, கண்கள் கூர்மையாக நம்மையே பார்க்கிற அந்த முகம் அதுதான். அமெரிக்கச் சிற்பி பால் கிரான்லண்ட் 1980களில் செய்த மார்பளவு வெண்கலச் சிலைக்கும் அந்தப் படம்தான் ஆதாரம். அந்தச் சிலைகளில் ஒன்று ஜானகி அம்மாளுக்கு வந்து சேர்ந்தது. 1994ல் இறக்கும்வரை திருவல்லிக்கேணி வீட்டில் அவரோடு இருந்தது. அந்தப் படம் 1919ல், ஊர் திரும்புவதற்காக, அத்தனை நோய்க்கும் பிறகு எடுத்தது.